எண்ணை மட்டும் பார்த்து வாங்கலாமா?
கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கார்டு பற்றி மளிகைக்காரர்களுக்கு ஒரு பாடம்



அரிசி, பருப்பு, எண்ணெய் விலை பேசும் ஏட்டில் கம்ப்யூட்டர் பாடம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. இன்று நம் கல்லாவிலிருந்து ஒரே தடவையில் பெருந்தொகை வெளியே போவது இரண்டு காரியங்களுக்காக. ஒன்று, கடையில் பில் போடும் கம்ப்யூட்டர். மற்றொன்று, கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு லேப்டாப். ஒரு மூட்டை அரிசியில் ஐம்பது ரூபாய் குறைக்க அரை மணி நேரம் பேசுகிற நாம், இந்த இரண்டிலும் கடைக்காரர் சொன்ன எண்ணைக் கேட்டுப் பணத்தை எண்ணி வைத்துவிட்டு வருகிறோம்.

மாமல்லபுரம் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இருபது வருடங்களாகச் செங்கல்பட்டுக்கு வந்து நம்மிடம் சரக்கு எடுக்கிறார். அவருடைய மகள் கட்டடக்கலை படிக்கிறாள். கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து, வெயில், நிழல், மரம், கண்ணாடி எல்லாம் சேர்த்து நிஜப் படம் போல எடுக்க வேண்டிய படிப்பு. உடன் படிக்கும் பையன் வீட்டில் நல்ல மேஜைக் கம்ப்யூட்டர் இருந்தது. அதில் இருந்த கிராபிக்ஸ் கார்டின் பெயர் ஆர்.டி.எக்ஸ். 3050. அதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள் மகள். நண்பர் 2023-ல் ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்து, எழுபதாயிரத்துக்கு மேல் கொடுத்து ஒரு லேப்டாப் வாங்கினார். அதன் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலும் ஆர்.டி.எக்ஸ். 3050 என்றுதான் இருந்தது. "ரெண்டும் ஒண்ணுதானே?" என்று கேட்டதற்கு, "எல்லாம் ஒரே 3050 தான் சார்" என்று பதில் வந்திருக்கிறது.

சில மாதம் கழித்துப் பெரிய வரைபடம் ஒன்றைப் படமாக எடுக்கும்போது, நினைவகம் போதவில்லை என்று சொல்லி லேப்டாப் நின்றுவிட்டது. அதே வரைபடம் அந்தப் பையன் கம்ப்யூட்டரில் தடையில்லாமல் முடிந்தது. அதன் பிறகு அந்தப் பெண் வரைபடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, இரவெல்லாம் விழித்துத்தான் வேலையை முடித்தாள். நண்பர் நம் கடையில் உட்கார்ந்து சொன்னார்: "பொண்ணு என்னைக் குத்தம் சொல்லல அண்ணாச்சி. அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

அன்றிலிருந்து நாம் இதை விசாரித்துப் படித்தோம். கற்றதைச் சக வணிகர்களுக்குச் சொல்வது கடமை என்று கருதி எழுதுகிறோம்.

1. எண் எல்லாம் அளவு அல்ல

இது நமக்குப் புதிய விஷயம் இல்லை. நம் கடையிலேயே பாடம் இருக்கிறது.

முந்திரிப் பருப்பில் 180, 240, 320 என்று ரகம். எண் பெரிதானால் சரக்கு உயர்ந்தது என்று புது ஆள் நினைப்பான். உண்மை தலைகீழ். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்பதே அந்த எண். 180-ல் பருப்பு பெரிது, விலை அதிகம். 320-ல் பருப்பு சிறிது, விலை குறைவு.

சர்க்கரையில் எஸ் 30, எம் 30 என்கிறோம். எழுத்து படிகத்தின் பருமனைச் சொல்கிறது. எண் நிறத்தைச் சொல்கிறது. ஒரே பெயரில் இரண்டு தனித்தனிச் செய்திகள்.

நெல்லில் ஏ.டி.டி. 37, ஏ.டி.டி. 43 என்று ரகங்கள். ஏ.டி.டி. என்றால் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம். டி.கே.எம். என்றால் திரூர்க்குப்பம், ஏ.எஸ்.டி. என்றால் அம்பாசமுத்திரம். எண் என்பது அந்த நிலையம் வெளியிட்ட வரிசை. 43 பிந்தி வந்தது, சன்னம். 37 முந்தி வந்தது, குண்டு. இட்லிக்கு அரிசி கேட்கும் அம்மாவுக்கு, எண் பெரிது என்று 43-ஐக் கொடுத்தால் மறுநாளே பையோடு திரும்பி வருவார்.

ஆக, எண் சில இடத்தில் அளவு, சில இடத்தில் வரிசை, சில இடத்தில் வெறும் பெயர். கிராபிக்ஸ் கார்டின் எண் பெயர் வகையைச் சேர்ந்தது. நம் தராசுக்கு ஆய்வாளர் வந்து முத்திரை வைக்கிறார். கார்டின் எண்ணுக்கு அப்படி முத்திரை வைப்பவர் யாரும் இல்லை. தயாரிக்கும் கம்பெனியே பெயர் வைக்கிறது, வேண்டும்போது முறையையும் மாற்றிக்கொள்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதிப் பாடம் சுலபம்.

2. கார்டு என்ன வேலை செய்கிறது?

கம்ப்யூட்டருக்குள் பிராசசர் என்பது முதலாளி மாதிரி. எல்லாக் கணக்கையும் அதுவே பார்க்கும். ஆனால் திரையில் லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே நேரத்தில் நிறம் தீர்மானிப்பது கூலியாட்கள் கூட்டமாகச் செய்ய வேண்டிய வேலை. அந்தக் கூட்டம்தான் கிராபிக்ஸ் சிப். அதில் இருக்கும் சிறு கணக்குப் பிரிவுகளைக் கோர் என்கிறார்கள். வேலைக்கு வேண்டிய பொருளை அடுக்கி வைக்கும் கிடங்கு, கார்டிலேயே இருக்கும் தனி நினைவகம். ஆள் எத்தனை இருந்தாலும் கிடங்கு சிறிதானால் சரக்கு வாசலில் நின்றுவிடும். நண்பர் மகளுக்கு நடந்தது இதுதான்.

சிப் செய்யும் முக்கியக் கம்பெனிகள் மூன்று: என்விடியா, ஏ.எம்.டி., இன்டெல். அந்தச் சிப்பை வாங்கிக் கார்டாகச் செய்து விற்பவர்கள் வேறு. ஆசுஸ், ஜிகாபைட், எம்.எஸ்.ஐ., சோட்டாக் முதலிய பெயர்கள் அட்டைப் பெட்டியில் பெரிதாக இருக்கும். இது மூட்டை மேல் இருக்கும் மில்காரர் பிராண்டு மாதிரி. உள்ளே என்ன நெல் என்பதைத் தனியாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

3. எண்ணைப் பிரித்துப் படிக்கும் முறை

என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4060 என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். 40, 60 என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

முதல் பாதி தலைமுறை. நமக்கு அறுவடைப் பட்டம் மாதிரி. 10 வரிசை 2016-ல் வந்தது. 20 வரிசை 2018-ல், 30 வரிசை 2020-ல், 40 வரிசை 2022-ல், 50 வரிசை 2025-ல் வந்தன. இங்கேயும் ஒரு கோணல் உண்டு. 16 வரிசை என்று ஒன்று 2019-ல், அதாவது 20 வரிசைக்குப் பின்னால் வந்தது.

பின் பாதி அந்தத் தலைமுறைக்குள் இருக்கும் படி. 50 கீழ்ப்படி, 60 நடுப்படி, 70 அதற்கு மேல், 80 உயர்ந்தது, 90 உச்சி.

இதிலிருந்து ஒரே ஒரு விதியை நம்பிக்கையோடு சொல்லலாம். ஒரே தலைமுறைக்குள், இரண்டும் மேஜைக் கம்ப்யூட்டர் கார்டாக இருந்தால், பின் பாதி எண் பெரிதாக இருப்பது வேகமானது. 4070 என்பது 4060-ஐ விட வேகம். இதில் சந்தேகம் இல்லை.

தலைமுறை மாறினால் இந்த விதி செல்லாது. 2023-ல் வந்த 4060-ஐ விட 2020-ல் வந்த 3080 வேகமானது. எண்ணை அப்படியே படித்தால் 4060 பெரிது, வேலையில் 3080 பெரிது. புதியதில் எல்லாம் கூடியிருக்கும் என்றும் எண்ண வேண்டாம். 2021-ல் வந்த 3060-ல் 12 ஜி.பி. நினைவகம் இருந்தது. அடுத்து வந்த 4060-ல் 8 ஜி.பி. தான். வேறு விதத்தில் 4060-க்குச் சிறப்பு உண்டு, வேகம் கொஞ்சம் கூடுதல், மின்சாரம் குறைவாக எடுக்கும். எது வேண்டும் என்பது நம் வேலையைப் பொறுத்தது.

ஏ.எம்.டி. கார்டுகளில் ஆர்.எக்ஸ். 6600, 7600, 7900 என்று வந்தபோது முதல் இலக்கம் தலைமுறை, இரண்டாம் இலக்கம் படி. பிறகு 8000 என்று மேஜைக் கார்டு எதுவும் வராமல் 2025-ல் 9070 வந்தது. இப்போது படியைக் காட்டுவது மூன்றாம் இலக்கம். பழைய முறைப்படி படித்து, இரண்டாம் இலக்கம் சுழியம், மட்டமான சரக்கு என்று முடிவு செய்தால் தவறு. இன்டெல் ஆர்க் கார்டுகளில் எழுத்துத்தான் தலைமுறை. ஏ 750, ஏ 770 எல்லாம் 2022. பி 580 என்பது 2024 டிசம்பரில் வந்த அடுத்த தலைமுறை.

4. வால் எழுத்துகளைப் பார்க்கவும்

எண்ணுக்குப் பின்னால் டி.ஐ., சூப்பர், எக்ஸ்.டி. என்று வால் இருந்தால் அது வேறு சரக்கு. 4070, 4070 சூப்பர், 4070 டி.ஐ., 4070 டி.ஐ. சூப்பர் ஆகிய நான்கும் நான்கு கார்டுகள், நான்கு விலைகள். போனில் விலை கேட்கும்போது வாலை விட்டுவிட்டுக் கேட்டால், கடைக்காரர் தனக்கு வசதியான விலையைச் சொல்வார். பொன்னி என்று மட்டும் கேட்டால் நம்மில் சிலர் எதை எடுத்து வைப்போம் என்பது நமக்கே தெரியும்!

5. ஒரே பெயர், நான்கு சரக்கு

இப்போது நண்பர் ஏமாந்த இடத்துக்கு வருவோம். ஆர்.டி.எக்ஸ். 3050 என்ற ஒரே பெயரில் சந்தைக்கு வந்த முக்கியமான நான்கு சரக்குகளைக் கீழே தருகிறோம். நிதானமாகப் படிக்கவும்.

லேப்டாப் 3050, 2021-ல் வந்தது: 2048 கோர், 4 ஜி.பி. நினைவகம்.
மேஜைக் கம்ப்யூட்டர் 3050, 2022-ல் வந்தது: 2560 கோர், 8 ஜி.பி. நினைவகம்.
லேப்டாப் 3050, 2023-ல் வந்தது: 2560 கோர், 6 ஜி.பி. நினைவகம்.
மேஜைக் கம்ப்யூட்டர் 3050, 2024-ல் வந்தது: 2304 கோர், 6 ஜி.பி. நினைவகம்.

அந்தப் பையன் வைத்திருந்தது இரண்டாவது. நண்பர் வாங்கியது முதலாவது. பெயரில் வித்தியாசம் இல்லை, கிடங்கு பாதி. நான்காவதைப் பாருங்கள். பிந்தி வந்தது, பெயர் அதே, ஆனால் கோரும் நினைவகமும் குறைவு. "புதுசு சார்" என்று ஒருவர் சொன்னால் அது பொய் ஆகாது. ஆனால் நாம் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் அர்த்தம் பொய்யாகிவிடும்.

கோர் எண்ணிக்கையை ஒரே தலைமுறைக்குள் மட்டும் ஒப்பிட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். வேறு தலைமுறை, வேறு கம்பெனி என்றால் ஒரு கோரும் மற்றொரு கோரும் சமமாகாது.

6. லேப்டாப்பில் வாட் கணக்கு

லேப்டாப் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. மாவு மில் மோட்டார் ஒன்றேயானாலும் வோல்டேஜ் குறைந்த வேளையில் அரவை குறையும் அல்லவா? அதைப்போல லேப்டாப் கம்பெனிகள் ஒரே சிப்புக்குக் கொடுக்கும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து வைக்கின்றன. லேப்டாப் 3050-க்கு 35 முதல் 80 வாட் வரை கொடுக்கலாம். 4060-க்கு 35 முதல் 115 வாட் வரை. மெல்லிய லேப்டாப்பில் சூட்டைத் தாங்க முடியாது, அதனால் குறைத்து வைப்பார்கள். ஸ்டிக்கர் ஒன்றே, வேகம் வேறு.

மேல் படிகளிலும் இதே கதை. லேப்டாப்பில் வரும் 4090-ல் 9728 கோர். மேஜைக் கம்ப்யூட்டர் 4090-ல் 16384 கோர். பெயரில் 'லேப்டாப் ஜி.பி.யூ.' என்று சேர்த்து எழுதுகிறார்கள். பேச்சில் அதை யாரும் சொல்வதில்லை.

7. கம்பெனியே பெயரைத் திரும்பப் பெற்ற கதை

வாங்குபவன் கேட்டால் நடக்கும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2022 செப்டம்பரில் என்விடியா, ஆர்.டி.எக்ஸ். 4080 என்ற பெயரில் இரண்டு கார்டுகளை அறிவித்தது. ஒன்றில் 16 ஜி.பி., மற்றொன்றில் 12 ஜி.பி. நினைவகம் மட்டும்தான் வித்தியாசம் என்று பார்ப்பவர் நினைப்பார். உள்ளே பார்த்தால் ஒன்றில் 9728 கோர், மற்றொன்றில் 7680 கோர். சிப்பே வேறு. உலகம் முழுவதும் வாடிக்கையாளர்களும் பத்திரிகைகளும் கண்டித்தார்கள். அக்டோபர் 14-ஆம் தேதி, பெயர் குழப்பம் தருகிறது என்று கம்பெனியே ஒப்புக்கொண்டு, 12 ஜி.பி. கார்டை விற்பனைக்கு வரும் முன்பே விலக்கிக்கொண்டது. 2023 ஜனவரியில் அதே கார்டு 4070 டி.ஐ. என்ற பெயரில், முன்பு அறிவித்த 899 டாலருக்குப் பதில் 799 டாலருக்கு வந்தது.

கார்டு மாறவில்லை. பெயர் ஒரு படி இறங்கியதும் விலை 100 டாலர் இறங்கியது. பெயருக்கு மட்டும் நாம் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

8. பில் போடும் கம்ப்யூட்டருக்குக் கார்டு வேண்டுமா?

வேண்டாம். இதை நாமே பணம் கொடுத்துக் கற்றோம். நம் கிடங்குக் கணக்குக்குக் கம்ப்யூட்டர் வாங்கியபோது, "4 ஜி.பி. கார்டு போட்டால் வேகமாக இருக்கும்" என்று ஒருவர் சொல்ல, ஜி.டி. 730 என்ற கார்டைச் சேர்த்து வாங்கினோம். அது 2014-ல் வந்த கீழ்ப்படிச் சரக்கு என்று பிறகுதான் தெரிந்தது. அந்தக் கார்டில் பழைய மெதுவான நினைவகம் வைத்தும் விற்றார்கள், வேகமான நினைவகம் வைத்தும் விற்றார்கள். நமக்கு வந்தது மெதுவானது. கிடங்கு பெரிது, வாசல் குறுகல். எப்படியானாலும் பில் போடுவதற்கு அது ஒரு காசுக்கும் உதவவில்லை.

சரக்குக் கணக்கு, ஜி.எஸ்.டி. பில், பார்கோடு வேலைக்குப் பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் போதும். அந்தப் பணத்தில் எஸ்.எஸ்.டி., கூடுதல் ராம், நல்ல யு.பி.எஸ். மூன்றையும் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: இன்டெல் மேஜைப் பிராசசர் எண்ணின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால், உதாரணமாக 12400 எஃப், அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. அதை வாங்கினால் திரை தெரியவே தனிக் கார்டு போட வேண்டியிருக்கும். பிராசசரில் கொஞ்சம் மிச்சம் என்று சொல்லிக் கார்டில் வாங்கிவிடுவார்கள்.

9. வாங்கும் முன் கேட்க வேண்டியவை

அ. முதலில் வேலை என்ன என்று பிள்ளையிடம் கேளுங்கள். எந்த மென்பொருள் என்று எழுதி வாங்குங்கள். மென்பொருள் கம்பெனிகளே குறைந்தபட்சம் இவ்வளவு, நன்றாக ஓட இவ்வளவு என்று நினைவக அளவைத் தங்கள் வலைத்தளத்தில் அறிவித்திருக்கும். இரண்டாவது அளவையே கணக்கில் கொள்ளவும்.

ஆ. கார்டின் முழுப் பெயர், வால் எழுத்து, லேப்டாப் வகையா மேஜை வகையா, நினைவகம் எத்தனை ஜி.பி., லேப்டாப் என்றால் எத்தனை வாட். இவை எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இ. அந்த வேலையில் அந்தக் கார்டு எப்படி ஓடுகிறது என்று சோதித்துச் சொன்னவர்களின் முடிவைப் பிள்ளையை விட்டுத் தேடச் சொல்லுங்கள். மூட்டையில் ஊசி குத்தி அரிசியை உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பதற்கு ஈடானது இதுதான்.

ஈ. கடையிலேயே லேப்டாப்பைத் திறந்து, விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் பகுதிக்குப் போனால் கார்டின் பெயரும் அதன் தனி நினைவகமும் தெரியும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்ற இடத்தில் அதிகபட்ச வாட் தெரியும். பார்த்த பிறகே பணம்.

உ. பழைய கார்டு வாங்கினால் அதிகக் கவனம் வேண்டும். பழைய சிப்புக்குப் புதுப் பெயர் ஏற்றிய போலிகள் சந்தையில் உண்டு. ஜி.பி.யூ.-இசட் என்ற இலவச மென்பொருள் 2018 முதல் இப்படிப்பட்ட போலிகளைக் கண்டு காட்டுகிறது.

ஊ. 'கிராபிக்ஸ் உள்ளது' என்று பில் போட்டால் ஏற்காதீர்கள். மேலே எழுதிக்கொண்ட விவரம் அத்தனையும் பில்லில் வர வேண்டும். மாறிப்போனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக அந்தத் தாள்தான் துணை. கடைக்கு வாங்கும் கம்ப்யூட்டர் என்றால் நம் ஜி.எஸ்.டி. எண்ணையும் பில்லில் போடச் சொல்லுங்கள். காம்பவுண்டிங் முறையில் இல்லாதவர்கள் கட்டிய 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். பிள்ளையின் படிப்புக்கு வாங்கியதைக் கடைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நண்பருடைய லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. பில்லில் இருந்ததும் ஆர்.டி.எக்ஸ். 3050, பெட்டியில் இருந்ததும் ஆர்.டி.எக்ஸ். 3050. எந்த ஆணையத்தில் போய் என்ன சொல்வது? "4 ஜி.பி. தானே இருக்கு, 8 இருக்கிறதைக் காட்டுங்க" என்று வாங்கும் அன்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அந்த வார்த்தை அவருக்கும் தெரியாது, அன்று நமக்கும் தெரியாது. இப்போது சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் தெரியும்.

இந்தக் கோடையில் பிள்ளைகளுக்கு லேப்டாப் வாங்க இருப்பவர்கள் இந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகலாம். சந்தேகம் இருந்தால் வாங்கும் முன் நம் கடைக்கு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து கேட்டுப் பார்ப்போம். வாங்கிய பின் வந்தால் காப்பிதான் கொடுக்க முடியும்.